சிவப்புக் குமிழைத் தொடாதே

மறையூர் ஏற்றத்தில் இப்போது எந்த வண்டிக்கும் மூச்சு வாங்குவதில்லை. உடுமலையில் கிளம்புகிற கார் ஒன்பதாறு செக்போஸ்ட்டில் ஒரு தடவை, சின்னாறில் ஒரு தடவை நிற்கிறது. அதுவும் காக்கிச் சட்டை கை காட்டுவதால்தான். மறையூரில் ஒரு டீ, சந்தனக்காட்டு வேலியோரம் ஒரு செல்ஃபி, ஒரு கிலோ உருண்டை வெல்லம் என்று முடித்துக்கொண்டு, அதே சுருதியில் மூணாறுக்கு ஏறிவிடுகிறது. ஓட்டுகிறவருக்குத் தாம் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறோம் என்பதே காது அடைத்தால்தான் தெரியும். பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கதை வேறு. அன்று இந்த ரோட்டில் ஓடியவை பெரும்பாலும் பழைய பெட்ரோல் ஜீப்புகள். கடைவீதிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒரு மெக்கானிக் இருந்தார். டிரைவர் யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ட்யூனிங் பண்ணணும்ணே" என்றால், பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"எந்த ஊருக்கு?"

"என்னண்ணே, வண்டிக்குத்தான்."

"வண்டிக்குத்தான் தம்பி. எந்த ஊருக்கு? உடுமலைக்குப் பண்ணிக் குடுத்தா மூணாத்துல கரும்புகை கக்கும். மூணாத்துக்குப் பண்ணிக் குடுத்தா கீழ போய் எஞ்சின் கொதிக்கும். ரெண்டுக்கும் சேத்துப் பண்ணுன்னா ரெண்டு ஊருலயும் சுமாராத்தான் ஓடும். அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது."

அவர் படித்தது எத்தனாம் வகுப்பு என்று தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குள் காற்றியல் பாடம் ஒன்று முழுசாக இருந்தது. உடுமலை கடல் மட்டத்திலிருந்து 370 மீட்டர் சுமார். மூணாறு 1,500-க்கு மேல். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று எத்தனை வேகமாக உள்ளே இழுபடுகிறதோ, அந்த இழுப்பை வைத்துத்தான் அது பெட்ரோல் ஊற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், காற்று கால் பங்கு மெலிந்தால் பெட்ரோல் எட்டில் ஒரு பங்குதான் குறையும். காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் எரியாமல் கரியாகிப் பிளக்கில் ஒட்டும். அண்ணன் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார். கறுப்பு என்றால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; வெள்ளை என்றால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு; காப்பிக் கலர் என்றால் முகத்தில் சிரிப்பு. கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். அவ்வளவுதான் ட்யூனிங்.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்து வளர்ந்த நான், பிற்பாடு ஃப்ளையிங் கிளப் ஒன்றில் சேர்ந்தபோது, விமானத்தில் அந்த ஸ்க்ரூ ஓட்டுகிறவர் கையிலேயே இருப்பதைப் பார்த்து அசந்துபோனேன். இருக்கத்தானே வேண்டும்? ஜீப் அரை நாள் முனகி ஏறுகிற உயரத்தைச் சின்ன விமானம் பத்து நிமிஷத்துக்குள் ஏறிவிடும். நடுவானில் எந்த அண்ணனைக் கூப்பிடுவது?

நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது புஷ்பக் விமானத்தில். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தது, 1958-ல் முதலில் பறந்தது, துணி போர்த்திய உடம்பு, 90 குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சின். அப்புறம் செஸ்னா 152 வந்தது. 110 குதிரைத்திறன் லைகமிங். செஸ்னாவின் டாஷ்போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குமிழ்கள். கறுப்பு, த்ராட்டில். சிவப்பு, மிக்ஸ்சர். சிவப்பின் நடுவில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிக்கொண்டு இழுத்தால் சர்ரென்று வெளியே வரும். அமுக்காமல் திருகினால் மயிரிழை மயிரிழையாக நகரும். முழுக்க உள்ளே தள்ளினால் ரிச். வெளியே வரவர லீன். முழுக்க வெளியே வந்தால் பெட்ரோல் அடைபட்டு எஞ்சின் நின்றுவிடும். எத்தனை அழகான ஏற்பாடு! மறையூர் மெக்கானிக் பார்த்திருந்தால் அந்தக் குமிழுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்.

எங்கள் கிளப்பிலும் கிட்டத்தட்ட அதே மரியாதைதான். யாரும் தொடுவதில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ராணுவ உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். மீசையும் குரலும் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. சிவப்புக் குமிழ் பற்றி அவருடைய சட்டம் ரொம்பச் சுலபம். ஏறும்போது தொடாதே. இறங்கும்போது தொடாதே. 5,000 அடிக்குக் கீழே எப்போதும் தொடாதே. நாங்கள் சுற்றிச்சுற்றி வந்த சர்க்யூட் ஆயிரம் அடி. பயிற்சிக்குப் போகிற இடம் மூவாயிரம். ஆக, 5,000 என்ற எண் எங்களுக்கு இமயமலை மாதிரி, இருப்பதாகக் கேள்வி. மிச்சமிருந்த ஒரே வேலை, இறங்கி வந்து நிறுத்தியதும் குமிழை இழுத்து எஞ்சினை அணைப்பது. கலவையைச் சீர்படுத்துவதற்காக வைத்த கருவி, ஒரு தலைமுறைக்கு எஞ்சினைக் கொல்கிற கருவியாகவே அறிமுகமாயிற்று.

அணைக்கிற அந்த ஒரு நொடியிலும் பாடம் இருந்தது, கவனித்தவர்கள் குறைவு. குமிழை மெதுவாக இழுத்தால் எஞ்சின் உடனே சாகாது. ஆர்பிஎம் முள் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும், இருபத்தைந்தோ ஐம்பதோ சுற்று மேலே போகும், அப்புறம்தான் விழும். அதுவரை தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்தது, அளவு சரியாக வந்த அந்தக் கணத்தில் கொஞ்சம் உற்சாகமாக ஓடிப்பார்த்தது என்று அர்த்தம். எங்கள் ஹாங்கர் மெக்கானிக் மட்டும் அந்தத் துள்ளலைத் தள்ளி நின்று பார்த்து, எவ்வளவு என்று சாக்பீஸால் தட்டில் குறித்துக்கொள்வார். மாணவர்கள் அதற்குள் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடியிருப்போம்.

ஒரு தடவை துணிந்து கேட்டேன். "சார், மேனுவல்ல 75 பர்சென்ட் பவருக்குக் கீழ போனா எந்த உயரத்துலயும் லீன் பண்ணலாம்னு போட்டிருக்கே?"

"புக் எழுதினவன் எஞ்சின் போச்சுன்னா புதுசு வாங்கித் தருவானா?"

அந்தப் புத்தகத்தை எழுதியவனும் எஞ்சினைச் செய்தவனும் ஒரே கம்பெனி என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் மீசையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. 5,000 அடி என்பது முழுச் சக்தியில் ஏறுகிறபோது பார்க்க வேண்டிய எச்சரிக்கை. சமமாகப் பறக்கும்போது அந்தக் கணக்கே வேறு. யாரோ எப்போதோ இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு அவருடைய ஆசிரியர் சொன்னது, அந்த ஆசிரியருக்கு இன்னொருவர் சொன்னது. விமானத்துறையில் குருகுலம் இப்படித்தான் நடந்தது. தவிர, மானியத்தில் ஓடிய கிளப்பில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறவனுக்கு மெடலா கொடுக்கப்போகிறார்கள்?

விலை கொடுத்தது ஸ்பார்க் பிளக்குகள். விமானப் பெட்ரோலான 100எல்எல்லில் ஈயம் உண்டு. பெயரில்தான் 'லோ லெட்'. லிட்டருக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரை கலக்கலாம். ரிச்சாக, ஆறிய எஞ்சினில், டாக்ஸிவேயில் கடகடவென்று ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்த ஈயம் ஆவியாகி வெளியே போகாது; பிளக்குக்குள் குண்டுமணி குண்டுமணியாகத் தங்கும். கீழ்ப் பிளக்குகளில்தான் அதிகம். செஸ்னா 152-ன் எஞ்சினுக்கு இது கூடப்பிறந்த வியாதி. ஓடுபாதை முனையில் நின்று 1,700 சுற்றில் மேக்னெட்டோ சோதனை செய்யும்போது விமானம் கடகடவென்று உதறும். திரும்பி ஹாங்கர். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, ஊசி மாதிரி ஒரு கம்பியால் அந்தச் சாம்பல் நிற மணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். காலி தீப்பெட்டி ஒன்றில் சேர்த்து வைத்திருந்தார். ஒருநாள் அதைக் குலுக்கிக் காட்டி, "இது எல்லாம் நீங்க தொடாம விட்ட சிவப்புக் குமிழ் தம்பி" என்றார். தரையில் ஊரும்போது குமிழைத் தாராளமாக வெளியே இழுத்து லீன் செய்துகொண்டால் இதில் பெரும்பகுதி வராது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் மெக்கானிக். பறக்கச் சொல்லிக்கொடுக்கும் சீட்டில் அவருக்கு இடமில்லை.

இதில் தமாஷ் என்னவென்றால், நாங்கள் தொடப் பயந்த விஷயத்தை உலகம் அதற்கு நாற்பது வருஷம் முன்பே கரைத்துக் குடித்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தெற்கில் பயணிகளைச் சுமந்த டகோட்டா விமானத்தின் மிக்ஸ்சர் லீவரில் 'ஆட்டோ ரிச்', 'ஆட்டோ லீன்' என்றே எழுதியிருக்கும். காற்றழுத்தம் குறைந்தால் விரிகிற ஒரு சின்ன உலோகத் துருத்தி கார்புரேட்டருக்குள் உட்கார்ந்து, உயரத்துக்கு ஏற்றபடி பெட்ரோலைத் தானே குறைக்கும். விமானிக்கு வேலை, இரண்டில் எது வேண்டும் என்று சொல்வது மட்டும். ஏர் இந்தியா 1948 ஜூன் 8-ல் லண்டனுக்கு அனுப்பிய 'மலபார் பிரின்சஸ்' ஒரு கான்ஸ்டலேஷன். அந்த ரக விமானங்களில் எஞ்சினுக்கென்றே தனி ஃப்ளைட் எஞ்சினியர், தனி மேஜை, தனியாக ஒரு சுவர் நிறையக் கடிகாரங்கள். அதற்கடுத்து வந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் காலத்தில் உலகமெங்கும் இந்த எஞ்சினியர்கள், டார்க் மீட்டரைப் பார்த்து, சக்தி குறிப்பிட்ட அளவு விழும்வரை லீன் செய்துவிட்டுத்தான் காப்பி சாப்பிடுவார்கள். கடல் தாண்டிப் போகிறவனுக்கு மிச்சமாகும் பெட்ரோல்தான் உயிர்.

லிண்ட்பெர்க் கதை இன்னும் சுவை. 1927-ல் அட்லாண்டிக்கைத் தனியாக, முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் தாண்டியவர். 1944-ல் கம்பெனி ஆலோசகராக, சிவிலியனாக, பசிபிக் போர்முனைக்குப் போனார். அங்கே பி-38 போர் விமானம் ஓட்டிய இளைஞர்கள் பெட்ரோல் தீரும் பயத்தில் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது தாண்டிய இவர் டாங்கில் நிறைய மிச்சம் வைத்துக்கொண்டு இறங்கினார். ரகசியம் ஒன்றுமில்லை. ஆர்பிஎம்மை 1,600 வரை இறக்கு, மேனிஃபோல்டு அழுத்தத்தை ஏற்று, மிக்ஸ்சரை ஆட்டோ லீனில் வை. கேட்ட பையன்கள், "எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?" என்று அலறினார்கள். அவர்களுக்கும் யாரோ ஒரு மீசைக்காரர் சொல்லிக்கொடுத்திருப்பார். எஞ்சின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போய்த் திரும்பும் தூரம்தான் நூற்றுக்கணக்கான மைல் கூடியது.

இந்த அழுத்தம்–சுற்று விவகாரத்திலும் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. பெரிய விமானத்துக்குப் போனதும் மூன்றாவதாக ஒரு நீலக் குமிழ் வரும். புரொப்பெல்லரின் சுற்றைக் கட்டுப்படுத்துவது. அங்குலத்தில் காட்டுகிற மேனிஃபோல்டு அழுத்தம், நூறால் வகுத்த ஆர்பிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது வேதம். 2,300 சுற்று என்றால் 23 அங்குலம். 24 வைத்தால் வானம் இடிந்து விழும். அந்த எஞ்சின் மேனுவலிலேயே 2,200 சுற்றுக்கு 24, 25 என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அட்டவணை இருந்த பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரிக்கப்படாமலே இருக்கும். சக்தியைக் கூட்டும்போது சிவப்பு, நீலம், கறுப்பு. குறைக்கும்போது கறுப்பு, நீலம், சிவப்பு என்ற வரிசை மட்டும் அன்றும் சரி, இன்றும் சரி. அதற்கு எனக்கு எதிர்ப்பில்லை.

'ரிச் என்றால் குளிர்ச்சி, லீன் என்றால் எரிந்துபோகும்' என்று எங்களைப் பயமுறுத்தியதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது மறையூர் வெல்ல ஆலை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே வெல்லம்தான். கொப்பரைக்குக் கீழே அடுப்பு வாயில் உட்கார்ந்து, காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளுகிறவரைப் பாருங்கள். சக்கையை அள்ளித் திணித்தால் கரும்புகை வரும், தீ மந்தப்படும். கொஞ்சம் குறைத்தால் தீ சீறும். கொப்பரை கொதிப்பது அப்போதுதான். இன்னும் குறைத்தால் தீ தெளிவாக, அடக்கமாக எரியும், புகையே இராது. திணிப்பதும் குளிர்ச்சி, குறைப்பதும் குளிர்ச்சி, நடுவில்தான் சூடு. சிலிண்டரும் அப்படித்தான். புகைபோக்கியின் வெப்பம், அதாவது இஜிடி, ஓர் உச்சிக்குப் போய் இறங்கும். சிலிண்டர் தலை அதிகமாகச் சுடுவது அந்த உச்சிக்குச் சற்று முன்னால், கொஞ்சம் ரிச்சான பக்கத்தில். எங்களில் துணிச்சல்காரர்கள் திருட்டுத்தனமாகக் குமிழைக் கொஞ்சம் இழுத்து வைத்தார்களே, அவர்கள் போய் நின்றது சரியாக அந்தச் சூடான இடத்தில். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் தப்பித்திருப்பார்கள். இன்னும் இழுத்தால் எஞ்சின் தடதடக்கும். எங்களுக்கு அதுதான் 'ஆபத்து' மணி.

தடதடப்பு ஏன் என்பதற்குப் பதில் வர 1990-கள் ஆயிற்று. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் அடா என்ற சிற்றூர். அங்கே ஜாமி என்ற சின்னக் கம்பெனி. எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு பெட்ரோல் போவதில்லை, ஒன்று லீனாகிச் சோர்ந்துபோகும்போது இன்னொன்று ரிச்சில் திமிறிக்கொண்டிருக்கிறது, எஞ்சின் உதறுவது அந்த ஏற்றத்தாழ்வால்தான் என்று கண்டுபிடித்து, சிலிண்டருக்கு சிலிண்டர் அளவு பொருத்திய இன்ஜெக்டர் செய்து விற்றார்கள். அதைப் போட்ட பிறகு உச்சியைத் தாண்டிய லீன் பக்கத்தில் எஞ்சின் வெண்ணெய் உருகுகிற மாதிரி ஓடியது. ஐம்பது வருஷம் முன்பு ஃப்ளைட் எஞ்சினியர்கள் காப்பி குடித்துக்கொண்டே செய்ததைச் சின்ன விமானக்காரர்கள் புரட்சி என்று கொண்டாடினார்கள். எங்கள் கிளப்பிலோ இஜிடி கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான தகர மூடிதான் இருந்தது. அது ஆப்ஷனல், தனிக் காசு.

கார்புரேட்டர் இன்னொரு வேடிக்கையும் காட்டும். கேரளத்தின் ஜூலை மாத ஈரக்காற்றில், சட்டை முதுகோடு ஒட்டுகிற புழுக்கத்தில், அதன் தொண்டைக்குள் பனிக்கட்டி பிடிக்கும். பெட்ரோல் ஆவியாகும் வேகத்தில் அங்கே மட்டும் வெப்பம் முப்பது டிகிரிக்கு மேல்கூட இறங்கும். ஆர்பிஎம் திருடன் மாதிரி நழுவும். சூடான காற்றை உள்ளே விடுகிற கார்ப் ஹீட்டை இழுத்தால் முதலில் எஞ்சின் இன்னும் மோசமாக இருமும், உருகிய தண்ணீரை விழுங்கும், அப்புறம் தேறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூரிலிருந்து கொச்சிப் பக்கம் போகும்போது மாணவன் முகத்தில் தெரிகிற அந்த இருமல் நேரத்துப் பீதி, பின்னாளில் நானும் ஆசிரியரானபோது எனக்குக் கிடைத்த சின்னச் சின்னச் சந்தோஷங்களில் ஒன்று. மீசை எனக்கும் வந்துவிட்டது பாருங்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். செஸ்னா 172-ல் கார்மின் ஜி1000 திரை; ஒவ்வொரு சிலிண்டருக்கும் இஜிடி, தலை வெப்பம், நொடிக்கு நொடி பதிவு. குமிழைத் திருகும்போது எந்த சிலிண்டர் முதலில் உச்சிக்குப் போகிறது என்று திரையே சொல்கிறது. இறங்கியதும் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, மேலே பறக்கும்போது லீன் பண்ணியது சரியா தப்பா என்று விவாதம் நடத்தலாம். நான் தேடி அலைந்த அறிவெல்லாம் இப்படித் தட்டில் வந்து விழுந்ததும், குமிழ் கிளம்பிவிட்டது.

எங்கள் இடுக்கி மாவட்டத்திலேயே பாருங்கள். வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற இடத்தில், மலை மேல், என்சிசி மாணவர்களுக்காக 650 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். குறுக்கே நின்ற மேடு தொந்தரவு கொடுத்தது, மழை ஒரு பக்கத்தை அரித்தது. கடைசியில் 2022 டிசம்பர் 1-ம் தேதி வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற குட்டி விமானம் வந்து இறங்கியது. கொரோனா ஓயாத காலத்தில் வைரஸ் என்ற பெயரோடு வந்ததை ஊர் மன்னித்துக் கைதட்டியது. ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் செய்தது. 2015-ல் இந்தியா 194-க்கு ஆர்டர் கொடுத்த ரகம். அதன் ரோட்டக்ஸ் எஞ்சின் 80 குதிரைத்திறன், 5,800 சுற்று. புரொப்பெல்லருக்கு கியர் வைத்துக் குறைக்கிறார்கள். அதில் மிக்ஸ்சர் குமிழே கிடையாது. கார்புரேட்டருக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ராம் ஊசியைத் தூக்கி இறக்கி, உயரத்துக்குத் தக்கபடி தானே சமாளித்துக்கொள்கிறது. மலையேற மிக்ஸ்சர் அவசியம் என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த மாவட்டத்தில், முதல் விமானம் மிக்ஸ்சர் இல்லாமல் வந்து இறங்கியது.

பெட்ரோல் கதை அதைவிட. நம் கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி 1-ம் தேதியோடு நின்றது. விமானங்களுக்கு நிற்கவில்லை, 100எல்எல்லை இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். 2022 செப்டம்பர் முதல் தேதி, அதே அடா ஊர் ஜாமி கம்பெனி செய்த ஈயமில்லாத பெட்ரோலுக்கு அமெரிக்க விமானத்துறை பச்சைக்கொடி காட்டியது. அதே மாதம் 26-ம் தேதி, இந்தியன் ஆயில் சொந்த நாட்டிலேயே தயாரித்த விமானப் பெட்ரோலை விழா எடுத்து அறிமுகப்படுத்தினோம், ஈயத்தோடு. இறக்குமதிச் செலவு மிச்சம், நல்ல காரியம், கைதட்ட வேண்டியதுதான். ஆனால் தீப்பெட்டியில் ஈயமணி சேர்த்த அந்த மெக்கானிக் இருந்திருந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து வேறு காரணத்துக்காகச் சிரித்திருப்பார்.

என் தம்பியின் பேத்தி வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் டயமண்ட் டிஏ40 என்ஜி ஓட்டுகிறாள். லீவுக்கு மறையூர் வந்தபோது எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின், மெர்சிடிஸ் காரிலிருந்து பிறந்தது, 168 குதிரைத்திறன், ஜெட் விமான எண்ணெயில் ஓடும். லீவர் ஒன்றே ஒன்று. சிவப்பு இல்லை, நீலம் இல்லை.

"எஞ்சின் எவ்வளவு லீனா ஓடுதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"எதுக்குத் தெரியணும், பெரிய தாத்தா? லோடு எத்தனை பர்சென்ட்னு காட்டும். செவன்ட்டி வெச்சா செவன்ட்டி. மிச்சத்த ஈசியூ பாத்துக்கும்."

அந்த ஒற்றை லீவர் புதிது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஜெர்மன்காரர்கள் இரண்டாம் உலகப் போரில் ஃபோக்கவுல்ஃப் 190 விமானத்தின் பிஎம்டபிள்யூ எஞ்சினில் மிக்ஸ்சர், புரொப்பெல்லர், பூஸ்ட் எல்லாவற்றையும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஒரு பெட்டிக்குள் அடைத்து ஒரே லீவரில் கொடுத்துவிட்டார்கள் என்றேன். "யூடியூப்ல இருக்கா?" என்றாள்.

அவளிடம் சொல்லாத இன்னொன்று உண்டு. டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கிற தகடு கிடையாது. காற்று எப்போதும் தேவைக்கு மேல் போகும். எண்ணெயைக் கூட்டிக் குறைத்துத்தான் சக்தியைக் கூட்டிக் குறைப்பது. அதாவது, ஓடுகிற நேரமெல்லாம் அது லீன். நாங்கள் ஒரு திருகு திருகினாலே வானம் இடியும் என்று பயந்த அந்தப் பக்கத்திலேயே இந்தப் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை குடித்தனம் நடத்துகிறார்கள். லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரம் முடிந்ததும் நேராக ஏர்பஸ். அங்கே இந்தப் பேச்சே கிடையாது.

சிவப்புக் குமிழ் இன்னும் பத்திரமாக இருக்கிற இடம் பரீட்சை. அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து போனில் கேள்வி வங்கியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் என்னிடம் நீட்டினாள். மிக்ஸ்சரை எப்போது லீன் செய்யலாம்? நான்கு விடைகள். முதல் விடை, சக்தி 75 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் எந்த உயரத்திலும். இரண்டாவது, 5,000 அடிக்கு மேல் மட்டும்.

"எது பெரிய தாத்தா?"

"சரியான விடை வேணுமா, மார்க் வேணுமா?"

"மார்க்."

"அப்ப ரெண்டாவது."

தட்டினாள். பச்சை டிக் விழுந்தது. அடுத்த கேள்வி கார்புரேட்டர் ஐசிங் பற்றி. "எங்க எஞ்சின்ல கார்புரேட்டரே இல்லையே, இத எதுக்குப் படிக்கணும்?" என்றாள்.

"உங்க எஞ்சின்லதான் இல்ல. சிலபஸ்ல இருக்கு. படி" என்றேன்.